முதல் இரும்பு

மதுரை
18-9-1936

மாப்பிள்ளை நல்லகண்ணு அவர்களுக்கு, கர்ணன் எழுதுவது.

இரண்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். இது உங்களுக்காக எழுதுவதல்ல. என் தங்கை ராக்கம்மாளுக்காகவும் அல்ல. பிள்ளை அம்மாவாசிக்காக எழுதுகிறேன்.

உங்கள் ஊர் தங்கபாண்டி தேங்காய் பாரத்தோடு மதுரைக்கு வந்தவர், மில் வாசலில் என்னைப் பார்த்தார். பேச்சோடு பேச்சாக, "ஒங்க மருமகன் ஒண்ணுக்குப் போகையில போடுற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குதுய்யா. தலையத் தரையில முட்டிக்கிட்டு, இடுப்பத் தூக்கிக்கிட்டுப் போறான். நாலு வயசுப் பயலுக்கு அப்படி என்ன நோக்காடோ!" என்றார். அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே டாக்டர் ஞானசிகாமணி என்று ஒருவர் சொந்தமாகச் சிறு ஆஸ்பத்திரி நடத்துகிறார். குழந்தைகளுக்கு மூத்திரப் பையில் வரும் கோளாறுகளைப் பார்ப்பதுதான் அவர் வேலை. காய்ச்சல், இருமல் என்று போனால் வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவார். மதராஸில் படித்தவர். கத்தி, கம்பி எல்லாம் குழந்தைகள் அளவுக்குச் சீமையிலிருந்து தனியாகத் தருவித்து வைத்திருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். "விட்டு விட்டு வருகிறதா? படுத்தால் வருகிறதா? குறியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறானா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பது தங்கபாண்டி சொன்ன மற்ற விவரங்களிலிருந்து தெரிந்தது. கல்லடைப்பாகத்தான் இருக்கும், உடனே கொண்டு வாருங்கள் என்றார்.

தேனிக்கு வந்துவிட்டால் ரயில் இருக்கிறது. நான் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புகிறேன். நீங்கள் கம்பத்தில் பஸ் நிற்கிற இடத்தில் நாலு பேர் முன்னால் என்னைப் பற்றிச் சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அது வேறு, இது வேறு.

கர்ணன்


சுருளிப்பட்டி
தாது வருஷம், புரட்டாசி 12

மில் டைம்கீப்பர் கர்ணன் அவர்களுக்கு.

செத்துப்போன மச்சானிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மேலோகத்திலும் தபாலாபீஸ் திறந்துவிட்டார்கள் போலும்.

மறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர். நானும் மறக்கவில்லை. பெரியாற்று வாய்க்காலில் என் முறைத் தண்ணீரை மேலமடைக்காரன் அடைத்துக்கொண்டான். பால் பிடிக்கிற பயிர் கண் முன்னால் கருகியது. கரையை வெட்டினேன். ஆமாம், நான்தான் வெட்டினேன். ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திருவிழாவுக்கு வந்து என் வீட்டில் உட்கார்ந்து கறிச்சோறு தின்ற நீர், உத்தமபாளையம் கோர்ட்டில் ஏறி, "மாப்பிள்ளை மண்வெட்டியோடு போனதைக் கண்டேன்" என்று சாட்சி சொன்னீர். உம் தங்கை கோர்ட்டு வாசலில் வைத்துக் கெஞ்சினாள், நினைவிருக்கிறதா? சப்-ஜெயிலில் களி தின்றுவிட்டு வந்த அன்றைக்குச் சுருளி ஆற்றில் இறங்கி உமக்குத் தலை முழுகினேன். மச்சான் செத்துப்போனான் என்று கம்பத்தில் சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

பிள்ளைக்குச் சூடு. வேறொன்றும் இல்லை. கம்பத்து வைத்தியர் நெருஞ்சில் கஷாயம் கொடுக்கிறார், தணிகிறது.

கத்தி வைக்கிற டாக்டரைப் பற்றி எழுதியிருக்கிறீர். எங்கள் வகையறா வழக்கம் உமக்குத் தெரியாததல்ல. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி முடி இறக்கிக் காது குத்துகிற வரைக்கும் பிள்ளை உடம்பில் இரும்பு படக்கூடாது. பட்டால் பிள்ளை தங்காது. என் அண்ணன் பிள்ளைக்கு அப்படி ஆனதும் உமக்குத் தெரியும். அம்மாவாசிக்கு நகத்தைக்கூட அவன் ஆத்தாள் பல்லால் கடித்துத்தான் எடுக்கிறாள். முடி இடுப்பைத் தொடுகிறது. சடை பின்னிப் பூ வைத்து விடுகிறாள். தெருவில் பொம்பளைப் பிள்ளை என்று கேலி பண்ணுகிறார்கள். மூன்று வயதில் முடிந்திருக்க வேண்டிய காரியம். யாரால் நின்றது? செத்த மச்சானுக்கு மடி ஏது?

நல்லகண்ணு


மதுரை
9-11-1936

மாப்பிள்ளை அவர்களுக்கு.

நேற்று முன்தினம் ராக்கம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். நீங்கள் வண்டிமாடு பார்க்கக் குமுளிப் பக்கம் போன சமயம் பார்த்துப் புறப்பட்டிருக்கிறாள். நடந்ததை நடந்தபடி சொல்வது என் குணம். ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன். அவளைக் கோபிக்க வேண்டாம்.

டாக்டரிடம் கொண்டுபோனோம். பிள்ளையைப் படுக்க வைத்து, ஈர்க்குச்சி கனம் உள்ள ஒரு கம்பியை எண்ணெய் தடவி மெதுவாக உள்ளே விட்டார். பிள்ளை கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. உள்ளே கம்பி எதன் மேலோ தட்டியது. டாக்டர் ராக்கம்மாளைக் குனிந்து கேட்கச் சொன்னார். மறுபடி தட்டினார். 'கிண்' என்றது. "கேட்டுதாம்மா?" என்றார். "கேட்டுச்சு" என்றாள். அவள் முகத்தில் உயிர் இல்லை.

அவர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. பிள்ளைகள் வயிற்றிலிருந்து எடுத்த கற்களைச் சீசாவில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஊர்ப்பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார். கூடலூர், கம்பம், சின்னமனூர், போடி. நம் பக்கத்து ஊர்கள்தான் அதிகம். அத்தனை பிள்ளைகளும் பிழைத்து ஓடியாடித் திரிகிறார்களாம். அடிவயிற்றைக் கீறிக் கல்லை எடுக்க அரைமணி நேரம். பிறகு மூன்று வாரம் படுக்கை. நாளைக்கே செய்துவிடலாம் என்றார்.

ராக்கம்மாள் மறுத்துவிட்டாள். "காது குத்தாம கத்தி வைக்கக் கூடாதுங்கய்யா. அவுக வகையறாவுல ஆகாது. எம்புள்ள தங்கணும்" என்று அழுதாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே தாய்மாமன்? இந்த நாற்காலியில உட்காருங்க, பிள்ளைய மடியில வைங்க. ஊசி நான் தாறேன். ஒரு நிமிஷ வேலை" என்றார்.

அவர் கிறிஸ்தவர். நம் முறை அவருக்குத் தெரியாது. அழைப்பு வைக்காமல் தாய்மாமன் மடி கொடுப்பதில்லை என்று எடுத்துச் சொன்னேன். ராக்கம்மாள் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, செத்த நேரம் ஒக்காருண்ணே. அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். எனக்கும் மனசு இளகாமல் இல்லை. ஆனால் நான் தலை முழுகப்பட்டவன். கூப்பிடாமல் குத்தினான் என்று நாளைக்கு நீங்களே என்னைச் சந்தியில் நிறுத்துவீர்கள். முறை என்றால் முறை.

நான் கேட்பது பெரிதல்ல. நீங்களும் ராக்கம்மாளும் தாம்பூலத்தோடு என் வாசலுக்கு வந்து வாய் நிறைய அழையுங்கள். அடுத்த ரயிலில் வருகிறேன். அவளை நேற்றுத் தேனிக்கு ரயில் ஏற்றிவிட்டேன்.

கர்ணன்


சுருளிப்பட்டி
கார்த்திகை 1

கர்ணன் அவர்களுக்கு.

நீரா முறை பேசுவது?

கம்பி விட்டார்கள் என்றால் இரும்பு பட்டாயிற்று. காதில் படவேண்டிய முதல் இரும்பு படக்கூடாத இடத்தில் பட்டிருக்கிறது. அப்போது நீர் பக்கத்தில்தான் நின்றீர். கம்பிக்கு அழைப்பு வேண்டியிருக்கவில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொள்ள அழைப்பு வேண்டியிருக்கவில்லை. ஒரு ஊசிக்கு மட்டும் தாம்பூலம் வேண்டுமோ? உம் தங்கை காலைப் பிடித்தாள் என்று நீரே எழுதுகிறீர். எழுதும்போது கை கூசவில்லையா?

அவள் போனதை நான் அறிந்திருக்கவே மாட்டேன். சின்னமனூரில் ஒரு சாவுக்குப் போனேன் என்றாள், நானும் நம்பினேன். உம் கடிதம் வந்து காட்டிக் கொடுத்தது. யாரையாவது கூண்டில் ஏற்றாவிட்டால் உமக்குத் தின்ற சோறு செரிக்காது. அன்றைக்கு என்னை, இன்றைக்குக் கூடப் பிறந்தவளை. அவளை நான் அடிக்கவில்லை. அடித்திருப்பேன், பிள்ளை அவள் மடியில் இருந்தான்.

என்னை உம் வாசலில் வந்து நிற்கச் சொல்கிறீர். என் காடு கரையை விட்டு, என்னை ஜெயிலுக்கு அனுப்பியவன் வாசலில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கவேண்டும். அதற்குப் பதில் என்னை மறுபடி சப்-ஜெயிலுக்கே போகச் சொல்லலாம்.

மதுரையிலிருந்து வந்த மறுநாள் பிள்ளை சிவப்பாகப் போனான். இரண்டு நாள் அப்படியே. ராத்திரியெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். "அய்யா, குத்துது. எடுத்துருய்யா" என்கிறான். எதை எடுப்பேன்?

ஒன்று கேட்கிறேன். பதில் எழுதாவிட்டாலும் குற்றமில்லை. கல் எத்தனை பெரிது என்று சொன்னார் அந்த டாக்டர்?

நல்லகண்ணு


மதுரை
24-11-1936

மாப்பிள்ளை அவர்களுக்கு.

கொட்டைப்பாக்கு அளவு என்றார். நிற்காமல் வளரும் என்றார்.

இன்று மறுபடியும் அவரைப் போய்ப் பார்த்தேன். உங்கள் கடிதத்தில் கண்டதைச் சொன்னேன். பை நிறைந்தும் வழி அடைபட்டால் தண்ணீர் மேலே எதிர்த்து ஏறுமாம். மேலே இரண்டு பக்கமும் மூத்திரத்தைப் பிரிக்கிற குண்டிக்காய் அந்த அழுத்தத்தில் வீங்கி அழுகிப் போகுமாம். "உங்க மாப்பிள்ளை விவசாயிதானே? மடையை அடைச்சா தண்ணி எங்க போய் நிக்கும்னு அவர்கிட்டக் கேளுங்க" என்றார். காலையில் முகம் வீங்கியிருந்தால், வாந்தி எடுத்தால், எந்நேரமும் தூங்கி வழிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னார்.

நான் காட்டிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோர்ட்டில் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள். கண்டதைக் காணவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. கரையை வெட்டியது தப்பில்லை என்கிறீர்கள், வெட்டினதைச் சொன்னது தப்பு என்கிறீர்கள். நல்ல நியாயம்.

இருந்தாலும் பிள்ளையை நினைத்து நான் இறங்கி வருகிறேன். நேரில் வர மனமில்லையென்றால் வேண்டாம். தாம்பூலமும் வேண்டாம். ஒரு தபால் கார்டு போதும். உங்கள் கையால், "மச்சான், வாங்க" என்று எழுதி அனுப்புங்கள். அன்றைக்கே லீவு போட்டுவிட்டு வருகிறேன். இதற்குக் கீழே இறங்க என்னால் ஆகாது.

கர்ணன்


சுருளிப்பட்டி
தை 3

கர்ணன் அவர்களுக்கு.

இரண்டு மாதமாக நான் எழுதாததற்கு அறுப்பு வேலை ஒரு காரணம். மற்ற காரணம் உமக்கே தெரியும். கார்டு வாங்கி வைத்தேன். ஒரு நாள் பேனாவை எடுத்து உட்காரவும் செய்தேன். அந்த முதல் வார்த்தை கையிலிருந்து வரவில்லை. உமக்குப் பொய் சொல்ல நாக்கு வராது என்கிறீரே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளும்.

பொங்கலன்றைக்குப் பிள்ளை விழிக்கும்போது முகம் வீங்கியிருந்தது. கண் இடுங்கிப் போயிருந்தது. கரும்பைக் கையில் கொடுத்தேன், பிடித்துக்கொண்டே தூங்கிப் போனான். வைத்தியரும் கையை விரித்துவிட்டார். "எங்கனயாச்சும் பெரிய எடத்துக்குக் கொண்டுபோங்கப்பா" என்று அவரே சொல்கிறார்.

உம் தங்கை இப்போது என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், போகிறாள்.

தை பதினைந்தாம் தேதி நாள் நன்றாக இருக்கிறது. குலசாமி கோயிலில் வைத்து முடி இறக்கிக் காது குத்திவிட்டால், அன்றைக்கே அங்கனயிருந்து நேரே மதுரைக்குக் கூட்டிப் போகலாம். டாக்டர் கத்தி வைக்கட்டும், நான் தடுக்கவில்லை. தங்கபாண்டியிடம் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் முறைப்படி தட்டில் வைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். வாங்கிக்கொண்டு வரவும். இதுவரைக்கும்தான் என்னால் நடக்க முடியும். மீதித் தூரம் நீர் நடந்தால் பிள்ளை பிழைக்கிறான்.

நல்லகண்ணு


மதுரை
20-1-1937

மாப்பிள்ளை அவர்களுக்கு.

தங்கபாண்டி வந்தார். காலும் கையும் கழுவத் தண்ணீர் கொடுத்து, சாப்பாடு போட்டு, மரியாதையாகத்தான் அனுப்பி வைத்தேன். தட்டை வாங்கவில்லை.

ஆள் மூலம் வெற்றிலை வைப்பது அங்காளி பங்காளிக்கும், தூரத்து உறவுக்கும். தாய்மாமனுக்கு அப்படி யாரும் வைத்து நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் என்னைத் தலை முழுகியதை நாலு பேர் பார்த்தார்கள். மறுபடி சேர்த்துக்கொண்டதை உங்கள் வாயால் சொல்ல மாட்டீர்கள், ஒரு தேங்காய் வியாபாரி வந்து சொல்வார் என்றால் எப்படி? நான் கேட்டது ஒரு சொல். வந்தது வெற்றிலை.

என் வீட்டுக்காரி பவுனு, தட்டை வாங்கச் சொல்லி என்னோடு மல்லுக்கு நின்றாள். "புள்ள மொகம் வீங்கிக் கெடக்காம். ஒங்களுக்கு மொற பெருசாப் போச்சா?" என்று கத்தினாள். பொம்பளைகளுக்குச் சொன்னால் விளங்காது. இன்றைக்கு இதை விட்டுக் கொடுத்தால் நாளைக்கு என் சாவுக்குக்கூட ஆள் அனுப்பித்தான் விசாரிப்பார்கள்.

தை பதினைந்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு கார்டு முக்காலணாவுக்குக் கம்பம் தபாலாபீஸில் கிடைக்கும்.

கர்ணன்


சுருளிப்பட்டி
தை 17

கர்ணன் அவர்களுக்கு.

ராக்கம்மாள் அங்கே வந்திருக்கிறாளா? இந்தக் கடிதம் கண்ட நிமிஷம் தந்தி அடிக்கவும்.

தங்கபாண்டி தட்டைத் திரும்பக் கொண்டுவந்து அவள் கையில்தான் கொடுத்திருக்கிறான். நான் களத்தில் இருந்தேன். வெற்றிலை வாடிக் கறுத்திருந்தது. அவள் வெற்றிலையை மாட்டுக்குப் போட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாளாம். தை பதினைந்தாம் தேதி வரைக்கும் அவள் காத்திருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு நான் கோயில் வரைக்கும் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். நீர் வந்துவிடுவீரோ என்று ஒரு நப்பாசை.

நேற்றுக் காலை வயலிலிருந்து வந்தேன். வீடு பூட்டிக் கிடக்கிறது. கம்பத்தில் பஸ் ஏறினதைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிள்ளை தோளில் துவண்டு கிடந்தானாம்.

நீர் பார்த்து, முறை கிறை என்று பேசாமல், டாக்டரிடம் கொண்டுபோகவும். காது குத்தாவிட்டால் போகிறது. தெய்வக் குத்தம் என் தலையில் விழட்டும்.

நல்லகண்ணு


மதுரை
6-2-1937

மாப்பிள்ளை அவர்களுக்கு.

தந்தி கிடைத்திருக்கும். ராக்கம்மாள் என் வீட்டுக்கு வரவில்லை. உங்கள் கடிதம் பார்த்துத்தான் எனக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்தாள். அதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது.

பிள்ளை உயிரோடு இருக்கிறான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அடிவயிற்றிலிருந்து ஒரு குழாய், கட்டிலுக்குக் கீழே ஒரு சீசா. கல்லைக் காட்டினார்கள். பெருநெல்லிக்காய் மாதிரி, முள் முள்ளாக. மயக்கம் தெளிந்து, என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தான். அவன் தலை ஒட்டக் கத்தரித்திருந்தது. இரண்டு காதிலும் வேப்பங்குச்சி செருகியிருந்தது. ஒரு ஓட்டை மேலே, ஒரு ஓட்டை கீழே, கோணலாக.

யார் குத்தினது என்று கேட்டேன். "நாந்தான். கருவேல முள்ளால" என்றாள். யார் மடியில் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "எம்மடியிலதான். வேற யாரு மடி காலியா இருந்துச்சு?" என்றாள்.

பஸ்ஸுக்குப் புறப்படும் முன்னால் உங்கள் வீட்டு அடுப்படியில் வைத்துத் தானே குத்திவிட்டு, பிறகு முடியையும் கத்தரித்திருக்கிறாள். முள் இரும்பில்லை, அதனால் வழக்கமும் கெடவில்லை, கத்திக்கும் தடையில்லை என்று அவளாக ஒரு நியாயம் கண்டிருக்கிறாள். இது ஐந்து மாதத்துக்கு முன்னால் நமக்கு யாருக்கும் தோன்றவில்லை. என் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னேன். பவுனுவும் வந்து கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றாள். மறுநாள் போனபோது, "அண்ணன உள்ள விடாதீக" என்று நர்ஸம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

டாக்டர் என்னை வெளியில் வைத்துப் பேசினார். "கல்லை எடுத்துட்டேன். மேல போன கெடுதலை எடுக்க என்கிட்டக் கத்தி இல்லை. ஒரு பக்கம் முழுக்கப் போயிட்டது. இன்னொரு பக்கம் பாதி. அன்னைக்கு அந்த நாற்காலியில நீங்க உட்கார்ந்திருந்தா இவன் இந்நேரம் பள்ளிக்கூடத்துக்குப் போவான்" என்றார். நான் செப்டம்பரிலேயே கொண்டுவரச் சொல்லி எழுதினேன் என்பதை அவருக்குத் தெரியப்படுத்தினேன். உங்களுக்கும் அது தெரியும். அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறீர்கள் அல்லவா?

கர்ணன்


சுருளிப்பட்டி
பங்குனி 6

மச்சானுக்கு.

அந்த வார்த்தை இப்போது சுலபமாக வருகிறது. இனி அதனால் ஒருவருக்கும் ஒரு உபயோகமும் இல்லை, அதனால் வருகிறது போலும்.

மதுரைக்குப் போய் வந்தேன். நீங்கள் ஷிப்டில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் போனேன். நாம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் சேர்ந்து நின்றால் அவள் கதவையே திறக்க மாட்டாள் என்று பட்டது. என்னைத் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரி அடுப்படியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "பின்னால வெளையாடுறான். போய்ப் பாருங்க" என்றாள்.

குழாயை எடுத்துவிட்டார்கள். என்னைக் கண்டதும் ஓடி வந்தான். மொட்டைத் தலையும் அதுவுமாக எனக்கே அடையாளம் தெரியவில்லை. கட்டிப் பிடிக்கப் போனேன், நழுவிக்கொண்டு, "அய்யா, இங்கன வா, இங்கன வா" என்று கையைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் கொண்டுபோனான். "பாருய்யா, அழுகவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, நின்றபடி ஒன்றுக்குப் போனான். நின்றபடி, மச்சான். ஒரே வீச்சாக, நிற்காமல். போய்க்கொண்டே என் முகத்தையும் பார்த்துச் சிரித்தான். பெரிய ஆம்பளை வேலை செய்துவிட்ட மாதிரி. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. "சபாஷ்டா" என்றேன்.

டாக்டரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எத்தனை காலம் என்று கேட்டேன். "பாதி குண்டிக்காய் சின்னப் பையனுக்குப் போதும். அவன் வளர வளரப் போதாது" என்றார். மீசை முளைக்குமா என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

செப்டம்பர் கடிதத்தை வைத்திருக்கிறேனா என்று கேட்டிருந்தீர்கள். வைத்திருக்கிறேன். நவம்பரில் அந்த நாற்காலியில் உட்காராமல் எழுதின கடிதமும் இருக்கிறது. வேண்டுமானால் வாய்க்கால் தண்ணீர் மாதிரி இதையும் முறை வைத்துப் பிரிக்கலாம். புரட்டாசியும் ஐப்பசியும் என் முறை, கார்த்திகையும் மார்கழியும் உங்கள் முறை. தை மாதத்தை யார் பாத்தியில் பாய்ச்சுவது? அதற்கு ஒரு சாட்சியைக் கூப்பிட்டு உத்தமபாளையத்தில் விசாரித்தால்தான் உண்டு.

அவளை ஊருக்குக் கூப்பிட்டேன். மாதாமாதம் பிள்ளையின் மூத்திரப் பையைக் கழுவி விட்டுப் பார்க்க வேண்டுமாம், வர முடியாது என்றாள். அது காரணமில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எப்போதுதான் வருவாய் என்று கேட்டேன். அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"புள்ள கத்தக் கத்த நீங்களும் எங்கண்ணனும் காயிதம் போட்டுக்கிட்டீக. அவுக ஒண்ணு எழுதுவாக, நீங்க ஒண்ணு எழுதுவீக. நான் அவனத் தோள்ல போட்டுக்கிட்டு, தபால்காரர் வாராகளான்னு வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். இன்னமும் போட்டுக்கங்க. ஒங்க ரெண்டு பேருக்கும் எழுத நெறைய இருக்கும்" என்றாள்.

பிள்ளை வாசல் வரைக்கும் வந்து கையாட்டினான். நான் தேனிக்கு ரயிலேறி வந்து சேர்ந்தேன். அவன் நின்றபடி போனதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. வீட்டில் கேட்க ஆளில்லை. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பதில் போடவும்.

நல்லகண்ணு